நாதாங்கி வைத்த மலைச் சைக்கிள்

கண்ணாயிரம் கள்ளக்குறிச்சியில் வீடுகளுக்கு இரும்புக் கேட்டு செய்பவர். ஆசையோ மலைச் சைக்கிள் மேல். இரும்புக் குழாய்களை வெட்டி, வாயை அரத்தால் ராவி, ஒவ்வொரு மூட்டாக ஆறவிட்டுப் பற்றவைத்து ஒரு ஃபிரேம் செய்தார். கடைசியில் கைப்பழக்கத்தில், பூட்டு மாட்டுவதற்கு ஒரு நாதாங்கியையும் அதில் பற்றவைத்துவிட்டார்.

மனைவி தேவிப்ரியா விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னாங்க இது? உள்ள யாரை வெச்சுப் பூட்டப் போறீங்க?"

"சிரி, சிரி. வெள்ளிமலையிலேர்ந்து எறங்கிக் காட்றேன். உடைஞ்சா இனிமே கேட்டோட சரி."

"உங்களுக்குப் பிரேக்கே பிடிக்கத் தெரியாது. நான் ஓட்டுறேன்."

வெள்ளிமலை உச்சியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு சைக்கிள் புறப்பட்டது. கண்ணாயிரம் பின்னால் பக்கத்து வீட்டு இளவரசனின் ஜீப்பில் வந்தார். பள்ளத்தில் சைக்கிள் குதிக்கும்போதெல்லாம் இவரும் சீட்டில் குதித்தார்.

"ஏய், பிரேக்கப் புடி!"

"புடிச்சிக்கினுதான் போறேன்!" என்று கத்தியவள் அடுத்த வளைவில் மறைந்துவிட்டாள்.

அடிவாரத்தில் கண்ணாயிரம் மூட்டு மூட்டாகத் தடவிப் பார்த்தார். மயிரிழை விரிசல்கூட இல்லை. இளவரசனும் குனிந்து பார்த்தான்.

"அண்ணே, எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க. கம்பெனி சைக்கிள் வேணாம்."

"செஞ்சுடலாம். நாதாங்கி இல்லாம நல்லா செஞ்சு தரேன்."

"ஐயோ, அதுக்காகத்தான் கேக்குறேன்! சங்கிலி போட்டு மரத்தோட பூட்டிடலாம்ல?"

தேவிப்ரியா அதற்குள் சைக்கிளை ஜீப்பில் ஏற்றிவிட்டாள். "பேசினது போதும். வண்டிய மேல திருப்புங்க, இன்னொரு வாட்டி!"