ஞாயிற்றுக்கிழமை கிழிந்த தாள்

மூடப்பட்ட சுரங்கத்தை ஒட்டிய ஸ்கெலட்டன் தொழிலாளர் குடியிருப்பில் எங்கள் லைன் வீட்டுக்கு எதிரே வணிக வளாகம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். முதல் நாள் இயந்திரம் தரையைக் குத்தியதும் வீடுகள் அதிர்ந்தன. ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர்களாகிய நாங்கள் அனைவரும் தெருவுக்கு ஓடிவந்து, சுரங்கத்துக்குள் இறங்கும், இப்போது மூடிக்கிடக்கும் ஷாஃப்ட் இருக்கும் திசையையே பார்த்து நின்றோம். பூமிக்குள் பாறை வெடித்துவிட்டதென்று எண்ணினோம். பிறகு ஒருவரையொருவர் பார்த்து நகைத்தோம்.

அந்த வாரமே எங்கள் படுக்கையறைச் சுவரில் விரிசல் கண்டது. கட்டட மேற்பார்வையாளர் வந்து பார்த்தார்.

"எங்க மெஷினாலதான்னு தெரிஞ்சா செவுத்தையே புதுசா கட்டிக் குடுத்துடறோம் பெரியவரே. ஆனா வூடு ரொம்பப் பழசாச்சே?" என்றார்.

உண்மை எதுவென்று அறியும் ஆவல் என்னைப் பற்றிக்கொண்டது. சுரங்கத்தில் பாறை நகர்கிறதா என்று பார்க்க விரிசலின்மேல் களிமண் பூசி வைப்போம். மண் பிளந்தால் அவ்விடத்தை விட்டு அகல்வோம். வெள்ளையடித்த சுவரில் மண் பூச என் மனைவி இசையவில்லை. ஆகவே நாட்காட்டித் தாளொன்றை விரிசலின் குறுக்கே ஒட்டினேன். நாள்தோறும் மாலையில் மூக்குக்கண்ணாடியோடு அதன் எதிரே நின்றேன்.

"கண்ணாலம் கட்டிக்கினப்போகூட என்னை இப்டிப் பாத்ததில்ல," என்றாள் அவள்.

ஆறு நாட்கள் இயந்திரம் முழங்கியது. தாளுக்கு ஒன்றும் நேரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, எதிரே வேலை ஓய்ந்திருந்த பிற்பகலில், அலமாரிப் பாத்திரங்கள் ஒருமுறை கலகலத்தன. எழுந்து சென்று பார்த்தேன். தாள் நடுவே கிழிந்திருந்தது.

"இது கீழ இருந்து வந்துதுங்க," என்றாள் மனைவி. குரலைத் தாழ்த்தி, "மெஷின் ஓடறப்போ கிழிஞ்சுதுன்னு நாளைக்குப் போய் சொல்லிடுங்க. யாருக்குத் தெரியப்போவுது? செவுராவது கெடைக்கும்," என்றாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆயினும் அந்த வளாகத்தில் பின்னாளில் ஏறி இறங்கப்போகும் மனிதர்களை நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை தாளை எடுத்துச் சென்று, கிழிந்த கிழமையை உள்ளபடியே சொன்னேன்.

மேற்பார்வையாளர் தாம் நின்ற தரையைக் குனிந்து பார்த்தார். "அப்போ இதுங்கீழ இன்னாதான் கீது?"

"நான் வேலை செஞ்ச எடம்," என்றேன்.

அவர் கை காட்டியதும் இயந்திரம் நின்றது. நிலத்தைச் சோதிக்க ஆட்களை வரவழைப்பதாகச் சொன்னார். எங்கள் சுவரைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

வீடு திரும்பியபோது மனைவி கட்டிலை எதிர்ச்சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டிருந்தாள். விரிசலின்மேல் புதிய தாள் ஒன்று, பசை ஈரம் உலராமல், ஒட்டப்பட்டிருந்தது.