தட்டுக்குப் போர்த்திய சாக்கு

எங்கள் அப்பாவுக்குச் சிரிக்கத் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நன்றாகவே தெரியும். ஆனால் தொலைக்காட்சியில் ஒருவன் தன்னைச் சிரிக்க வைக்கப் பார்க்கிறான் என்று தெரிந்துவிட்டால் மட்டும் மனிதருக்கு வீம்பு வந்துவிடும். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு, ‘எங்கே, சிரிக்க வை பார்ப்போம்’ என்று உட்கார்ந்துவிடுவார்.

அப்போது நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. ரிங்லெட் டவுனுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் ஒன்று எங்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு காமெடி நிகழ்ச்சி வரும். நாலைந்து ஆட்கள் சேர்ந்துகொண்டு குட்டிக் குட்டி நாடகமாகப் போடுவார்கள். மீசையை எடுத்துவிட்டு ஒருவன் சேலை கட்டுவான், ஒருவன் போலீஸாக வந்து வழுக்கி விழுவான், ஒருவன் எல்லாரிடமும் அறை வாங்குவான். லயத்தில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிதான் பெரியது என்பதால் அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் எங்கள் கூடத்தில்தான் கிடக்கும். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, அப்பா மட்டும் பல்வலிக்காரர் மாதிரி முகத்தை வைத்திருப்பார்.

அவருடைய விமர்சனம் திங்கட்கிழமை காலையில். அப்பா தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டினார். மலைக்குப் போகும் ஆட்கள் பின்னால் ஏறி நிற்பார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாங்களும் பெரிய ரோடு வரைக்கும் அதில்தான் போவோம். எல்லாரும் ஏறிய பிறகும் அப்பா எஞ்சினைக் கிளப்ப மாட்டார். கதவில் சாய்ந்து நின்றுகொண்டு முந்தின நாள் நிகழ்ச்சியை ஒவ்வொரு துண்டாக எடுத்துத் துவைத்துக் காயப்போடுவார்.

“அடிச்சா சிரிப்பு வந்துருமா? அப்படின்னா மண்டோரு நம்மள ஏசுறப்பல்லாம் நாம உருண்டு உருண்டு சிரிக்கணும்லா. அந்தப் போலீஸ்காரன் வசனத்த முடிக்கறதுக்கு முன்னாடி அவனே சிரிச்சிட்டான். அவனே சிரிச்சுக்கறதா இருந்தா நாம எதுக்கு? கரண்டுக்குக் கேடு.”

“லோரிய எடுய்யா, மணியாவுது!” என்று மலையில் வேலை வாங்கும் கங்காணி, அதாவது மண்டோர், கத்துவார். ஆனால் அவரும் காதை இந்தப் பக்கம்தான் வைத்திருப்பார். நிகழ்ச்சியில் வந்ததைவிட அப்பா நடித்துக் காட்டுவதற்குத்தான் லோரி குலுங்கும். “இவ்வளவு கொறை சொல்றீங்களே, அப்புறம் எதுக்குங்க பாக்குறீங்க?” என்று அம்மா ஒருமுறை கேட்டதற்கு, “பாக்காம எப்படிக் கொறை சொல்றது?” என்றார். அதுவும் நியாயம்தானே!

அம்மாவின் சமையலும் இதே கோர்ட்டில்தான் ஏறி இறங்கும். ரசத்தில் புளி தூக்கல், சம்பலில் காரம் மந்தம் என்று தினமும் ஒரு தீர்ப்பு வரும். ‘நல்லாருக்கு’ என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டதே கிடையாது. ‘பரவால்ல’ என்று சொன்னால் அன்றைக்கு எங்கள் வீட்டில் தீபாவளி.

இப்படி இருக்கையில் அந்த நிகழ்ச்சிக்காரர்களே எங்கள் தோட்டத்துக்கு வந்து இறங்கினார்கள். டவுன் மாப்பிள்ளை ஒருவன் தோட்டத்துக்குப் பெண் பார்க்க வருவதாக நாடகம். அம்மாவும் மற்ற பெண்களும் பின்னால் நின்று கொழுந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். மாப்பிள்ளையாக நடித்தவன் சப்பாத்து வழுக்கி நிசமாகவே தேயிலைச் செடி மேல் விழுந்துவிட்டான். எல்லாரும் பதறிப்போய் நிற்க, அம்மா தன் பாட்டுக்கு, “எந்திரிங்க தம்பி, செடிக்கு வலிக்கும்” என்றார். சொன்னவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போன மாதம்தான் அந்த வரிசையைக் கவாத்து வெட்டித் துளிர்க்க விட்டிருந்தார்கள்.

நிகழ்ச்சிக்காரர்கள் சிரித்த சிரிப்பில் மலையே அதிர்ந்தது. “அக்கா, நாளைக்கு இதையே கேமராவுக்கு முன்னாடி சொல்லிருங்க” என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் சமையல் நடந்ததா என்றே எனக்கு நினைவில்லை. தானாக வாயில் வந்ததைத் திரும்பச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பதை அன்றுதான் பார்த்தேன். அம்மா ஒருமுறை பாட்டாகச் சொன்னார், ஒருமுறை அழுவது மாதிரி சொன்னார். அப்பா கூடத்தின் நடுவில் ஒரு கோணிச் சாக்கை விரித்து, “இதான் செடி. நீதான் மாப்பிள்ளை. விழு” என்று எனக்கு உத்தரவு போட்டார். நான் விழுந்தேன். எழுந்தேன். மறுபடி விழுந்தேன். முழங்கை தேய்ந்ததுதான் மிச்சம்.

“‘தம்பி’க்கு அப்புறம் ஒரு மூச்சு விடு. ‘வலிக்கும்’ன்னு சொன்னதும் அவனப் பாக்காத, செடியப் பாரு. ஒனக்குச் செடி மேலதான் பாசம்” என்றார் அப்பா.

“ஏங்க, பட்டுப்பொடவ குடுத்திருக்காங்க. அதக் கட்டிக்கிட்டுத்தான் கொழுந்து எடுக்கணுமாம்.”

“பட்டுப்பொடவையா? எந்த ஊருல? கூறு கெட்டவனுங்க. சரி சரி, நீ மூச்ச மறந்துறாத.”

மறுநாள் அம்மா சொல்லி முடித்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். எப்படியிருந்தது என்று அம்மா கேட்டதற்கு அப்பா, “டிவியில வரட்டும், பாத்துட்டுச் சொல்றேன்” என்றுவிட்டார். மற்றவர்கள் ஆயிரம் சொன்னாலும் அம்மாவுக்கு அந்த ஒரு தீர்ப்புதான் வேண்டியிருந்தது. அது எனக்கே தெரியும். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அம்மா தலை வாரிப் பொட்டு வைத்துக்கொண்டுதான் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தார்.

கடைசியில் வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் அது வரும் என்று தெரியவந்தது. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அப்பாவுக்கு ஒரு போன் வந்தது. படப்பிடிப்பு நடந்தபோது வேன் ஓட்டி வந்தவர் அப்பாவோடு நன்றாகச் சேர்ந்துபோயிருந்தார், அவர்தான். அப்பா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். குழம்பில் உப்பு அள்ளிக் கொட்டியிருந்தது. எனக்கே வாயில் வைக்க முடியவில்லை. அப்பா ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டார்.

ஞாயிறன்று வீடு கொள்ளவில்லை. தானா ராத்தாவிலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, மங்குக் கிண்ணம் நிறைய அவித்த கச்சான் கடலையோடு வந்துவிட்டார். அம்மா புதுச் சேலை கட்டியிருந்தார். தன்னையே பார்ப்பதற்குப் புதுச் சேலை எதற்கு என்று அத்தை கேலி செய்ய, அம்மாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. எங்கள் மலையில் நாலு மணியென்றால் மழையும் வரும், அன்றைக்கும் வந்தது. ஆனால் பெரிய மழையில்லை, தகரக் கூரையில் சத்தம்கூடச் சரியாகக் கேட்கவில்லை.

முதல் நாடகம் முடிந்தது. அப்பா அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவேயில்லை. ‘அடுத்து, தேயிலைத் தோட்டத்தில் மாப்பிள்ளை!’ என்று தொலைக்காட்சியில் அறிவித்ததும் விருட்டென்று எழுந்தார். “மழ வலுக்குற மாதிரி இருக்கு. தட்டப் பாத்துட்டு வந்துர்றேன்.” தட்டு என்றால் சாப்பிடும் தட்டில்லை, தொலைக்காட்சிக்கு வானத்திலிருந்து படம் பிடித்துக் கொடுக்கும் டிஷ் தட்டு. பின்பக்கம் சௌசௌ பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு கம்பத்தில் நட்டிருந்தது.

திரையில் எங்கள் மலை வந்தது. கூடம் முழுவதும் ஒரே கூச்சல். “அந்தா, நம்ம லோரி!” என்று யாரோ கத்தினார்கள். அப்போது படம் கட்டம் கட்டமாக உடைந்து, நடுங்கி, அப்படியே நின்றுபோனது.

“அட பாழாப்போன மழையே!” என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார். “ஏய் புள்ள, ஒங்கப்பன் என்னதான் பண்றான், போய்ப் பாரு!”

நான் சமையலறை வழியாகப் பின்பக்கம் ஓடினேன். அப்பா தொப்பலாக நனைந்து நின்றார். தட்டின் மேல் நம்முடைய பழைய தேயிலைச் செடி, அதாவது நான் விழுந்து விழுந்து எழுந்த அந்தக் கோணிச் சாக்கு, சொட்டச் சொட்டத் தொங்கியது. போதாததற்கு அப்பா தட்டை மறைத்துக்கொண்டு வேறு நின்றார்.

“என்னப்பா பண்றீங்க?”

அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். “மழையில நனைஞ்சா தட்டுக்குச் சளி புடிச்சுரும்லா. அதான் போத்தி விட்டுருக்கேன். யாருகிட்டயும் சொல்லாத.”

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. அம்மாவுக்காக அப்பா இந்த மழையில் நின்று தட்டைக் காப்பாற்றுகிறாரே என்று பெருமையாகக்கூட இருந்தது. உள்ளே வந்தபோது அம்மா சமையலறையில் அடுப்புப் பக்கம் தனியாக நின்றுகொண்டிருந்தார். அம்மாவை ‘யாரு’ என்று கணக்கில் சேர்க்க முடியுமா? காதோடு சொல்லிவிட்டேன். “அப்பா தட்டுக்குச் சாக்கு போத்தியிருக்காரும்மா, சளி புடிக்காம.”

அம்மா பின்வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு ஆணியில் மாட்டியிருந்த பெரிய குடையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“போயி அப்பாவுக்குப் புடி.”

“தட்டுக்குத்தானம்மா?”

“தட்டுக்கு வேணாம். அப்பாவுக்குப் புடி. நனையிறாரு.”

நானும் அப்பாவும் உள்ளே திரும்பி வந்தபோது நிகழ்ச்சி முடிந்து வேறு எதுவோ ஓடிக்கொண்டிருந்தது. அத்தை கச்சான் மங்கைத் தூக்கிக்கொண்டு கடுகடுவென்று கிளம்பினார். அம்மா துண்டை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மறுநாள் லோரியில் விமர்சனம் இல்லை. இரண்டு நாள் கழித்து டவுனுக்குப் போய்வந்த அப்பா, ஒரு தேத்தண்ணிக் கடை டிவியில் அந்த நிகழ்ச்சியை மறுபடியும் போட்டார்கள் என்றும் தான் உட்கார்ந்து முழுசாகப் பார்த்துவிட்டதாகவும் சொன்னார். அடுத்த நாள் காலை லோரி கிளம்ப ஒரு யுகம் ஆனது. மாப்பிள்ளையின் நடை சரியில்லை. பெண்ணாக வந்தவனுக்குச் சேலை கட்டத் தெரியவில்லை. பட்டுப்புடவையில் கொழுந்து எடுப்பதைப் பார்த்துக் கடைக்காரனே காறித் துப்பினானாம். எல்லாரையும் வெளுத்துக் கட்டிவிட்டு அப்பா நிறுத்தினார்.

“ஆனா இவ வந்தா பாரு.” கொழுந்து வெட்டும் கத்தரியும் கூடையுமாக லோரியில் நின்றிருந்த அம்மாவைக் கையால் காட்டினார். “அந்தக் கூட்டத்துல இவ ஒருத்திதான் மனுசி மாதிரி பேசுனா. ‘எந்திரிங்க தம்பி... செடிக்கு வலிக்கும்’. கடையில அத்தன பேரும் தேத்தண்ணிய வச்சிட்டுச் சிரிச்சானுங்க.”

கம்போங் ராஜாவிலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த ஒருவர், “நானும் பாத்தேண்ணே, அக்கா வந்த மாதிரி தெரியலையே” என்று ஆரம்பித்தார். அப்பா அவரை முடிக்க விடவில்லை. “நீ தேத்தண்ணி கலக்க எந்திரிச்சுப் போயிருப்பலா!”

லோரியே சிரித்தது. அம்மா மேலேயிருந்து குனிந்து மெல்லக் கேட்டார். “‘தம்பி’க்கு அப்புறம் மூச்சு விட்டேனா?”

“விட்ட.”

“செடியப் பாத்தேனா?”

“பாத்த.” அப்பா எஞ்சினைக் கிளப்பப் போனவர் திரும்பி, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். “நல்லாருந்துச்சு. ஒரு கொறை இல்ல.”

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தான் பார்க்க முடியாமல் போன வருத்தம்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு லயத்தில் யார் வழுக்கி விழுந்தாலும் ‘எந்திரிங்க தம்பி, செடிக்கு வலிக்கும்’தான். ஒருமுறை மண்டோரே விழுந்து அதைக் கேட்டுக்கொண்டார்.

போன தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது, அந்தப் பழைய நிகழ்ச்சியை யாரோ இணையத்தில் போட்டிருப்பதைக் கைப்பேசியில் கண்டுபிடித்தேன். மலை இருந்தது, லோரி இருந்தது, மாப்பிள்ளை விழுந்தான், தானே எழுந்து போய்விட்டான். அம்மா இல்லை. மறுபடியும் ஓட்டிப் பார்த்தேன். எங்கேயும் இல்லை. முறுக்கு சுட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் ஓடினேன். நான் ஒன்றும் சொல்லும் முன்பே, திரையில் மலையைப் பார்த்ததும் அம்மா மாவுக் கையால் கைப்பேசியை மூடிவிட்டார்.

“சத்தத்தக் கொறை. அவரு காதுல விழப்போவுது.”

“ஒங்களுக்குத் தெரியுமாம்மா?”

“போன் வந்த அன்னிக்கே என்னமோன்னு நெனச்சேன். நீ வந்து சாக்குன்னு சொன்னப்ப புரிஞ்சிருச்சு. நேரம் பத்தலன்னு வெட்டிட்டாங்க போல. அத எங்கிட்ட சொல்ல அவருக்கு மனசு வரல.” கூடத்தில் அப்பா ஏதோ தீபாவளி நிகழ்ச்சியைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அம்மா அந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தார். “எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. இப்படியே இருக்கட்டும். நீ வாயத் தொறந்துறாத.”

நான் தொறக்கவில்லை. ஆனால் அன்றைய மழையை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. குடையைப் பிடிக்க எனக்கு உயரம் போதவில்லை என்று அப்பா குனிந்து நின்றார். அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லையே, நனையக் கூடாதது தட்டல்லவா என்று எனக்கு ஒரே ஆதங்கம். அம்மா எப்படியாவது டிவியில் வந்துவிட வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டு, அப்பா பார்க்காத நேரமெல்லாம் குடையை மெல்ல மெல்லத் தட்டின் பக்கம் சாய்த்துக்கொண்டே நின்றேன்.