சாம்பார் குண்டானில் போட்ட சீட்டு

தணிகாசலம் சார் இறந்துபோன செய்தி வந்தபோது நான் தலைக்கு மை அடித்துக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல், என் வீட்டுக்காரரின் பழைய லுங்கியைத் தோளில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாதித் தலை முடிந்திருந்தது. தென்குப்பத்து முனுசாமி போனில், "யக்கா, சாரு பூட்டாருக்கா"ன்னான். அப்படியே எழுந்து தெருவுக்கு ஓடினேன். கண்ணீரும் மையும் சேர்ந்து வழிந்ததில், எதிரே வந்த குழந்தை ஒன்று என்னைப் பார்த்து அலறியது. பொன்னேரியில் அவர் வீட்டுக்கு வந்த நீங்கள் பலரும், "அம்சாக்கா ஏன் முக்காடு போட்டுக்குது, அவ்ளோ துக்கமா"ன்னு கேட்டீர்களாம். பாதித் தலை கறுப்பு, பாதித் தலை வெள்ளை. முக்காடு அதுக்குத்தான். துக்கமும் இருந்தது.

நான் பெரிதாகப் படித்தவள் இல்லை. பழவேற்காட்டில் சார் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவள். இதில் இருக்கிற எழுத்துப் பிழைகளை என் மகள் திருத்தினாள், திட்டிக்கொண்டே. இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் சாரிடம் படித்தவர்கள். ஒருத்தர் சாரை அடித்தவர். எல்லாருக்கும் சேர்த்துத்தான் சார் நினைவாக எழுதுகிறேன்.

அவர் திருத்தணிப் பக்கத்துக்காரர். வந்த புதிதில், சோற்று வரிசையில் எங்கள் வடகுப்பத்துப் பையனும் பக்கத்து மீனவ ஊரான தென்குப்பத்துப் பையனும் சாப்பாட்டுத் தட்டாலேயே மண்டையை உடைத்துக்கொண்டார்கள். சோற்றில் ரத்தம். நான் கரண்டியை ஓங்கிக்கொண்டு போனேன். சார் இரண்டு பேரையும் உட்காரவைத்து, "ஏன்டா அடிச்சே?" என்றார். "அவன்தான் சார் தள்ளுனான்." "அதுக்கு முன்னாடி?" "அவன் அண்ணன் எங்க நைனாவைத் திட்டுனான்." "அதுக்கு முன்னாடி?" போய்ப் போய்க் கடைசியில், ஒருத்தன் தாத்தா இன்னொருத்தன் தாத்தாவின் வலையை அறுத்ததில் நின்றது. சார் சிரித்துவிட்டார். "டேய், உங்க சண்டையில நீங்க ரெண்டு பேருமே இல்லையேடா!" நான் சொன்னேன்: "சார், இந்தக் கேள்விய ஊருக்குள்ள போய்க் கேட்டுடாதீங்க. பல்லு மிஞ்சாது." "ரெண்டு பல்லு ஏற்கெனவே கட்டுனதுதான் அம்சாம்மா," என்றார்.

முகத்துவாரம் அடைத்துக்கொண்டு, கடல் தண்ணீர் ஏரிக்குள் வராமல், இறாலும் நண்டும் இல்லாமல் நாம் கிடந்த காலம் உங்களுக்கு மறந்திருக்காது. அரசாங்கப் பணத்தில் தூர்வாரும் இயந்திரம் வந்தது. முகத்துவாரம் திறந்தது. வெட்டிய புதுக் கால்வாயில் இறால் கொட்டியது. ஆனால், அள்ளிய மணலை ஒப்பந்தக்காரர் கொண்டுபோய்க் கொட்டிய இடம் எங்கள் வடகுப்பத்துப் பாடு. பாடு என்றால் ஏரியில் வலை கட்டுகிற இடம். அதை நாம் சீட்டுப் போட்டு, முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறவர்கள். எங்கள் பாடு மேடாகிப் போனதால் புதுக் கால்வாய் எங்களுக்கே வேண்டும் என்று எங்கள் ஆட்கள் கேட்டார்கள். அந்த மணல்மேட்டைத் தென்குப்பத்தார் போய்ப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பேராசை என்று நினைத்தார்கள். இரண்டு ஊர்ப் பெரியவர்களும் கோயில் வாசலில் பேசிக்கொண்டே இருந்தார்கள். பேச்சு என்றால், மடியில் அரிவாளை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சு.

அதே வருஷம் பள்ளிக்கூடத்துக்கும் அரசாங்கப் பணம் வந்தது, உள்ளூர் வரலாறு சொல்லிக்கொடுக்க. சார் அதில் பெயிண்ட் வாங்கி, சாப்பாட்டுக் கொட்டகைச் சுவர் முழுக்க ஏரியை வரைந்தார். டச்சுக்காரன் கோட்டை மட்டும் ஒரு மூலையில், என் கட்டைவிரல் அளவுக்கு. "இன்னா சார், கோட்டை இத்தினிக்கூண்டு இருக்குது?" என்று கேட்டேன். "அவன் வந்தான், போயிட்டான் அம்சாம்மா. வலை கட்டுறவன் இன்னும் கட்டிக்கிட்டு இருக்கான்ல?" என்றார்.

அந்தச் சுவருக்கு முன்னால்தான் எல்லாம் நடந்தது. பாடு பிரிக்கிற முறையைப் பிள்ளைகளுக்குக் காட்ட, சார் நிஜமாகவே சீட்டு எழுதினார். ஒன்றில் வடகுப்பம், ஒன்றில் தென்குப்பம். எந்த ஊர் வருகிறதோ அதற்குப் புதுக் கால்வாய். சீட்டுப் போட ஏதாவது கொடுங்கள் என்றார். சாம்பார் குண்டானைக் கழுவிக் கொடுத்தேன். ஒரு சின்னப் பெண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொன்னார். தென்குப்பம் வந்தது. "இதுதான் முறை. இதுக்கு மேல எதிர்ப்பேச்சு கிடையாது," என்று பாடத்தை முடித்தார். வெளியூர்க்காரர். பிள்ளை கை எடுத்த சீட்டை நம் பக்கம் யாரும் விளையாட்டு என்று சொல்ல மாட்டார்கள், எடுத்தது எடுத்ததுதான் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் உலை பொங்கிக்கொண்டிருந்தது, நான் அதைப் பார்க்கப் போய்விட்டேன்.

பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டார்கள். சாயங்காலமே தென்குப்பத்தார் கால்வாயில் வலை கட்ட இறங்கினார்கள். எங்கள் ஆட்கள் துடுப்பு, கோடாலி, கட்டை என்று கைக்குக் கிடைத்ததோடு ஓடினார்கள். "பள்ளிக்கூடத்துல எடுத்ததெல்லாம் சீட்டாடா?" "புள்ள கையிடா அது! சாமி கையி!" அதற்குமேல் வார்த்தை இல்லை. வலையை வெட்டினார்கள். ஒரு படகின் அடிப்பலகையைக் கோடாலியால் பிளந்தார்கள். முனுசாமியின் காது பாதி அறுந்து தொங்கியது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் அடித்தான். எங்கள் ஊர்ப் பையன் ஒருத்தனைத் தண்ணீருக்குள் அமுக்கி, மூச்சுவிட மேலே இழுத்து, மறுபடியும் அமுக்கினார்கள். கரையில் நாங்கள் பெண்கள் சும்மா நிற்கவில்லை. என் கையில் அந்தக் கரண்டி இருந்தது. அது யார் முதுகில் பட்டது என்று இங்கே எழுத மாட்டேன். அவர் இப்போது எனக்குச் சம்பந்தி.

பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த சார், சத்தம் கேட்டு ஓடிவந்தார். பேன்ட் ஷூவோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, "அது பாடம்யா! நான் நடத்துன பாடம்யா!" என்று கத்திக்கொண்டே நடுவில் போனார். என் வீட்டுக்காரர் ஏழுமலை, முனுசாமியின் மண்டைக்குத்தான் துடுப்பை ஓங்கினார். நடுவில் சார் வந்துவிட்டார். தேங்காய் உடைக்கிற சத்தம் கரை வரைக்கும் கேட்டது. துடுப்பு தலையில் பட்டுத் தோளில் இறங்கியது. சார் குப்புற விழுந்து தண்ணீருக்குள் போனார். தண்ணீர் சிவந்தது. யாரோ, "டேய், சாருக்கு நீச்சல் தெரியாதுடா!"ன்னு அலற, அத்தனை சண்டையும் நின்றுவிட்டது. தூக்கினவர்கள் முனுசாமியும் என் வீட்டுக்காரரும். ஒருத்தன் காதிலிருந்து ரத்தம், ஒருத்தர் கையில் இன்னும் அந்தத் துடுப்பு.

சார் பிழைப்பாரா என்று தெரியாமல் இரண்டு ஊரும் பொன்னேரி ஆஸ்பத்திரி வாசலில் கிடந்தது. அவர் போய்விட்டால் என் வீட்டுக்காரர் கொலைகாரர். பிழைத்துப் பெயர் சொன்னாலும் கொலை முயற்சி வழக்கு. உள்ளே போனால் எப்போது வருவாரோ. அதற்கும் பழிவாங்க எங்கள் ஊர் தென்குப்பத்துக்குப் போகும், அவர்கள் திரும்ப வருவார்கள். கண் விழித்த சாருக்கு ரசம் சாதம் ஊட்டினேன். பாதி அவர் சட்டையில்தான் போனது. பெயரைச் சொல்லிவிடுவாரா என்று கேட்கத் துணிவு வரவில்லை. அப்போதுதான் இன்ஸ்பெக்டர் வந்தார்.

"யார் அடிச்சதுன்னு சொல்லுங்க சார்."

"நான் வரலாற்று வாத்தியார் சார். நேத்து நடந்ததெல்லாம் எங்க பாடத்துல வராது. ஒரு அம்பது வருஷம் போவட்டும், சொல்றேன்."

"கிண்டலா?"

"இல்ல சார். கண்ணுல வெயில் அடிச்சுது. யாரையும் பாக்கல."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் சாதத்தைப் பார்த்தேன். அவர் போன பிறகு, "ஏன் சார் சொல்லல?" என்று கேட்டுவிட்டேன். "சீட்டப் போட்டது நான். குண்டான் குடுத்தது நீங்க. ஏழுமலைய மட்டும் எப்படி எழுதிக் குடுக்கிறது?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "சும்மா விடுறேன்னு நெனைக்காதீங்க. அவரு வகுப்புக்கு வரணும்," என்றார்.

வந்தார். கட்டுப் போட்ட தலையோடு சார் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, இரண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கும் முன்னால் என் வீட்டுக்காரர் நின்றார். புயலிலே கடலுக்குப் போன மனுஷனுக்கு வேர்த்து ஊற்றியது. முனுசாமி மகள்தான் எழுந்து, "எங்க சாரை யாரு அடிச்சது?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "நான்தான்மா," என்றார். "உங்க நைனாவ அடிக்கத்தான் வந்தேன்." சார், "அதுக்கு முன்னாடி?" என்றார். என் வீட்டுக்காரர் பின்னாலேயே போய்ப் போய், எங்கள் பாட்டின்மேல் கொட்டிய மணலைச் சொன்னார். வலை கட்ட இடமில்லாமல் கட்டுமரத்தில் சும்மா உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். தென்குப்பத்துப் பிள்ளைகள் வீட்டில் போய் அதையும் சொன்னார்கள். அடுத்த வாரம் முனுசாமியே படகில் வந்து மணல்மேட்டைப் பார்த்தான். இரண்டு ஊரும் ஒன்றாகப் போய் அதிகாரியின் வண்டியை மறித்து மணலை எடுக்க வைத்தார்கள், அது ஒரு தனிச் சண்டை. கால்வாய் இரண்டு ஊருக்கும் மாறி மாறி முறை என்று ஆனது.

சாரின் வலது கை அதற்குப் பிறகு தோளுக்கு மேல் எழும்பவில்லை. ஓய்வுபெறும் வரை கரும்பலகையின் கீழ்ப்பாதியில்தான் எழுதினார். மேல்பாதி சுத்தமாக இருக்கும். ஒரு நாள், "மேல எழுத ஆள் வைக்கட்டுமா சார்?" என்று சீண்டினேன். "பசங்க குனிஞ்சு படிக்கட்டும் அம்சாம்மா, கண்ணுக்கு நல்லது," என்றார். அந்தப் பலகையைப் பார்க்க முடியாமலேயே என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துப் பக்கம் வரமாட்டார். நல்ல இறால் கிடைத்தால் மட்டும் சாருக்கு என்று என்னிடம் கொடுத்தனுப்புவார். சார் காசு நீட்டுவார். நான் கரண்டியைக் காட்டுவேன்.

பழவேற்காட்டில் அவர் பேர் சொல்ல உங்கள் எல்லாரிடமும் ஏதோ ஒன்று இருக்கும். சார் எனக்கு விட்டுப்போனது என் வீட்டுக்காரரை. ஜெயிலில் இருந்திருக்க வேண்டியவர், என் வீட்டில் இருக்கிறார், குறட்டை விடுகிறார், குழம்பில் உப்பு இல்லை என்கிறார். பொருள் அப்படி ஒன்றும் உயர்ந்த ரகம் இல்லை. ஆனாலும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் சாரின் படத்தை மாட்டப் பார்த்தார்கள். ஆணி அடிக்க என் வீட்டுக்காரர்தான் வேண்டும் என்று முனுசாமி பிடிவாதம் பிடித்தான். முதல் அடி ஆணிமேல் விழுந்தது. இரண்டாவது அடி, ஆணியைப் பிடித்துக்கொண்டிருந்த தலைமையாசிரியரின் விரல்மேல் விழுந்தது. அவருக்குத் தையல் போட்டிருக்கிறது. படம் மேசைமேல் இருக்கிறது.