ரெண்டு வேளையும் சோறு

நேமத்தான்பட்டிக்குத் தெற்கே, கண்மாய்க்கரை ஓரத்துச் சிற்றூரில் வாழ்ந்தவள் ஆயி. புருஷன் பூமிநாதனுக்கு அரை ஏக்கர் வானம் பார்த்த பூமி. ஒரே மகள் சாலா. ஆயி, பசியைவிட ஊர் வாய்க்குப் பயந்த பொம்பளை. அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். எங்கள் பக்கத்தில் அதற்குத் தப்பியவர் யாரும் இல்லை.

எழுபத்து நாலில் வானம் பொய்த்தது. ஆனி மாத வாக்கில் ஊரே புளியங்கொட்டையை வறுத்து இடித்துத் தின்றது. அப்போதுதான், வீடு வீடாக என்ன சமைக்கிறார்கள் என்று கேட்டு எழுத ஒரு அதிகாரி வந்தார். எந்த ஊரில் சர்க்கார் இலவசக் கஞ்சித் தொட்டி திறப்பது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அது ஆயிக்கும் தெரியும். ஆனால் அதிகாரிக்குக் குடை பிடித்து வந்த பியூன் மாயக்கண்ணன், சாலாவைப் பெண் கேட்டிருந்த மாப்பிள்ளைக்குத் தாய்மாமன்.

"நேத்து என்னம்மா சமைச்சீங்க?" என்றார் அதிகாரி.

ஆயி பியூனைப் பார்த்தாள். "சோறுதாய்யா. ரெண்டு வேளையும் சோறு."

அவள் அப்படிச் சொன்ன பிறகு பக்கத்து வீட்டுக்காரி மட்டும் பட்டினி என்பாளா? தெருவே சோறு தின்றது. அதிகாரி மகராசர் அத்தனையையும் எழுதிக்கொண்டு போனார்.

கஞ்சித் தொட்டி வரவில்லை. ஆவணியில் பிள்ளையார்பட்டிக் கோயிலில் சாலாவின் கல்யாணம் நடந்தது. கிடைத்ததையெல்லாம் மகளுக்கும் பெண்டாட்டிக்கும் தள்ளிவிட்டுக் கிடந்த பூமிநாதன், மறு மாதமே வரப்பில் விழுந்து செத்தான். காய்ச்சல் என்றார்கள். பசி என்று சொல்ல அன்றும் யாருக்கும் வாய் வரவில்லை.

கேத வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. சம்பந்தி வீட்டார்தான் சோறு கொண்டுவர வேண்டும். சாலாவின் மாமியார் அழகி, திருப்பத்தூருக்கு அப்பாலிருந்து தூக்குவாளியில் கொண்டுவந்தது கோதுமைக் கஞ்சி.

"சோறாக்கி வர வழியில்லை, மதினி. இதுவும் எங்க ஊருக் கஞ்சித் தொட்டியில வாங்குனதுதான்."

சாலா தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்க ஊர்ல தொட்டி வச்சிருக்காகளா?" என்றாள் ஆயி.

"ஆடியிலயே வச்சுட்டாக. கணக்கெடுக்க வந்தவர்கிட்ட, அடுப்புப் பத்தவச்சு ரெண்டு நாளாச்சுன்னு சொன்னேன்."

"குடை பிடிச்சு வந்த உங்க தம்பியும் கூட நின்னாகளா?"

"நின்னான். கூடப் பிறந்தவன்ட்ட எனக்கென்ன ஒளிவு?"

அழகி கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்த கஞ்சியை ஆயி வாங்கி, நிறுத்தாமல் குடித்தாள். பிறகு கிண்ணத்தை மறுபடியும் நீட்டினாள்.