நாட் பேடும் பரவாயில்லையும்

போன ஞாயிறு சர்ச் முடிந்து வந்ததும், கீழ்க்கட்டளையில் எங்கள் மாடிவீட்டுப் பையன் கெவினைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். சிறுசேரியில் வேலை பார்த்து, கம்பெனி அனுப்பி ஆஸ்திரேலியா போய், அங்கேயே தங்கிவிட்டவன்; இப்போது லீவுக்கு வந்திருக்கிறான். என் மனைவி ஸ்டெல்லா வைத்த வஞ்சிரக் குழம்பை மூன்றாம் முறை ஊற்றிக்கொண்டு, "நாட் பேட் ஆன்ட்டி" என்றான். ஸ்டெல்லாவின் முகம் வாடிவிட்டது.

"ஐயோ ஆன்ட்டி, அங்க அதுதான் டாப் மார்க்! அதுக்கு மேல அவங்க வாயிலேர்ந்து ஒண்ணும் வராது" என்று பதறினான். அவள் சமாதானமாகிவிட்டாள். நான்தான் பிசைந்த சோற்றோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சொல்கிறேன், கேளுங்கள். தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்த புதிதில், ஆஸ்திரேலிய நாவலாசிரியர் ஒருவர் ஒரு வருஷத்துக்குப் பேராசிரியராக வந்தார். வரவேற்புக் கூட்டத்தில் எங்கள் துறைத் தலைவர் அவர் பெருமையை முக்கால் மணி நேரம் முழங்கினார். அவரோ எழுந்து, "ஆட்டுக்கு முடி வெட்டினேன். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தேன். நாலு நாவல் எழுதினேன், சோறு போடவில்லை. பேராசிரியர் ஆனேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பாவம், தன்னைப் பற்றிப் பேசத் தெரியவில்லையே என்று நினைத்தேன். என்னைக் கேட்டிருந்தால் மதியச் சாப்பாடு வரை பேசியிருப்பேன். நானும் ரகசியமாக ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன் அல்லவா! இவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் எழுத்தாளன், இல்லாவிட்டால் பேனாவை மூடிவிடுவது என்று தீர்மானம்.

அவருக்குத் தமிழ் படிக்க ஆசை. 'நாட் பேட்' என்பதற்குத் தமிழில் என்ன என்றார். 'பரவாயில்லை' என்று அகராதி மாதிரி ஒப்பித்தேன். மறுநாளே தன் கல்லூரிக் குவார்ட்டர்ஸ் வாசலில் மீன் விற்கும் தனம் அக்காவிடம் அதைப் பிரயோகித்தார்.

"மீன் பரவாயில்லை!"

அக்கா கூடையைத் தூக்கிவிட்டாள். "இன்னாது, பரவாயில்லியா? காலங்காத்தால கோவளத்துலேர்ந்து தூக்கினு வந்தா, பேச்சப் பாரு! பேஜாரா கீது சார் உன்னாண்ட!"

அவர் சிரித்துக்கொண்டே இரண்டு கிலோ வாங்கினார். வாராவாரம் அதே மீன், அதே வார்த்தை, அதே திட்டு. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்தேனே தவிர யோசித்தேனா?

நாவலை டைப்படித்துக் கொடுத்தேன். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு கூப்பிட்டு, "நாட் பேட். யாராவது பதிப்பாளருக்கு அனுப்பு" என்றார். என் காதில் பரவாயில்லை என்றே விழுந்தது. மற்றதெல்லாம், பெண் பார்க்க வந்தவர்கள் ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்களே, அந்த மரியாதை. தேங்க்யூ சார் என்று பையில் திணித்துக்கொண்டு, தாம்பரம் ஸ்டேஷன் வரை அழுதுகொண்டே நடந்தேன். அதன்பின் நான் எழுதியதெல்லாம் கேள்வித்தாள்தான்.

இதையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் சொல்லி முடித்ததும், கெவின் போனில் தேடிப் பார்த்து, "அவர் எறந்து ரொம்ப வருஷமாச்சு அங்கிள்" என்றான். தனம் அக்கா வருவதும் எப்போதோ நின்றுபோயிற்று. குவார்ட்டர்ஸை இடித்து இப்போது கார் நிறுத்துகிறார்கள். நாவல், நாங்கள் பீர்க்கன்கரணையில் இருந்தபோது ஏரித்தண்ணீர் வீட்டுக்குள் புகுந்த மழையில் கூழாகிவிட்டது. அன்றைக்கு அதை எடுத்து வெயிலில் காயவைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

"நெஜமாவே நல்லா இருந்துச்சாங்க அந்த நாவல்?" என்று கேட்டாள் ஸ்டெல்லா.

"பரவாயில்ல" என்றேன்.

அவள் என் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.