துரை பங்களாவின் சலவைக்கல்

மலையிலிருந்து வந்த லாரியிலிருந்து முதலில் இறங்கியது பித்தளைக் கைப்பிடி போட்ட தேக்குக் கதவு. சந்தையில் மாட்டைத் தட்டிப் பார்ப்பதுபோல என் மாமனார் அதைத் தட்டிப் பார்த்தார். எழுபதுகளின் தொடக்கம். பழனிசெட்டிபட்டிக்கு நான் மருமகளாக வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பழைய கட்டடங்களை வாங்கி இடித்து, மரத்தையும் இரும்பையும் விற்பது அவர் தொழில்.

அந்த முறை அவர் வாங்கியது சின்னமனூருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துக்குள் இருந்த துரை பங்களாவை. ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஒரு துரை, தன் ஊர் மாளிகையைப் போலவே கூரான முகப்பும் அறைக்கு அறை குளிர்காயும் கணப்புமாகக் கட்டியது. இடிப்பதற்கு முன் என் கணவர் ஒருமுறை அழைத்துப்போய்க் காட்டினார். எனக்கு அதன்மேல் மயக்கம் எதுவும் வரவில்லை. துரைசானியின் பியானோவைப் பாதையில்லாத மலையில் கூலியாட்கள் தோளில் சுமந்து ஏற்றினார்களாம். அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் ஒரு சன்னல்கூட இல்லை.

லாரியில் வந்ததெல்லாம் விற்றுப்போயிற்று. ஒரு வெள்ளைப் பலகைக்கல் மட்டும் எங்கள் கொல்லைக்கு வந்தது. பழைய துவைகல் வெடித்திருந்ததால் அதைப் போட்டார்கள். முதலில் துவைத்தது நான்தான். நுரையைத் தண்ணீர் ஊற்றித் தள்ளியபோது, அப்பியிருந்த மண் கரைந்து ஆங்கில எழுத்துகள் தெரிந்தன. மார்கரெட். வயது நான்கு. அந்தப் பெயரின்மேல்தான் இவ்வளவு நேரமும் வீட்டு ஆண்களின் அழுக்கு வேட்டிகளைக் கும்மியிருக்கிறேன். எத்தனை முறை கழுவியும் கை சுத்தமானதாகத் தோன்றவில்லை.

மாமனார் கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "மாமா, அது சமாதிக் கல்லு. ஒரு சின்னப் புள்ளையோடது. எடுத்த எடத்துலயே வச்சிரச் சொல்லுங்க" என்றேன்.

அவர் எலும்பை உறிஞ்சுவதை நிறுத்தவில்லை. "துரைமாரே சீமைக்குப் போயிட்டாக. இனி யாருத்தா வந்து கேக்கப் போறாக?"

"யாரும் கேக்க மாட்டாகன்னுதான் மாமா சொல்றேன்."

நிமிர்ந்து பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். "சரித்தா, ஒனக்கு அம்புட்டுச் சங்கடமா இருந்தா, விடியவும் சரி பண்ணிருவோம்." எனக்கு அவர்மேல் மரியாதைகூட வந்தது.

காலையில் கொல்லைக்குப் போனேன். கல் அங்கேயேதான் கிடந்தது. எழுத்து மண்ணைப் பார்க்கும்படி புரட்டிப் போட்டிருந்தார்கள். மாமியார் அதன்மேல் போர்வையை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார்.

தனிக்குடித்தனம் போகும்வரை எங்கள் இருவர் துணியையும் முல்லையாற்றுக்கே எடுத்துப்போனேன். அந்த வீட்டில் தந்த துண்டால் முகம்கூடத் துடைத்ததில்லை. பங்களா இருந்த இடத்தில் இப்போது தேயிலை மட்டும்தான் என்கிறார்கள். மாமனாருக்குக் கடைசிவரை எதுவும் உறைக்கவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்: "எங்க மருமக ரொம்பச் சுத்தக்காரி. ஆத்துத் தண்ணியிலதான் துவைக்கும்."