கீறல் இல்லாத கடிகாரத்துடன் ஒரகடம் வரை

காலை ஒன்பது மணிக்குப் படப்பையில் ஷேர் ஆட்டோ ஏறினேன். ஒரகடம் பத்து கிலோமீட்டர், முப்பது ரூபாய். இடது கையில் ஸ்மார்ட்வாட்ச், அதன்மேல் கைக்குட்டை. கைக்குட்டைக்குக் காரணம் பயம்தான்.

கடிகாரம் என்னுடையதல்ல. என் தங்கை செல்வி ஒரகடம் விடுதியில் தங்கி, கடிகாரத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்த வேலை பார்க்கிறாள். புது மாடலின் கண்ணாடி எவ்வளவு தாங்கும் என்று பார்க்க, கரடுமுரடான வேலை செய்யும் ஆள் ஒருவர் ஒரு மாதம் கட்டிக்கொள்ள வேண்டுமாம். டைல்ஸ் ஒட்டுகிற அண்ணன் இருக்கிறான் என்று அவள்தான் முன்வந்தாள். இது ஒழுங்காக முடிந்தால் நிரந்தர வேலைக்கு அவள் பெயரும் போகும். "வேலை செய்றப்போ கழட்டாத" என்று சொல்லித் தந்தாள். நானும் கழற்றவில்லை. மாதம் முடிந்து இன்று அதைத் திருப்பித் தரும் நாள்.

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் கார்களை அடுக்கிய நீள லாரிகளுக்கு நடுவே ஆட்டோ நெளிந்து போனது. ஜல்லி லாரி ஒன்று முந்தியதும் கண்ணில் மண். நான் கடிகாரத்தைப் பொத்திக்கொண்டேன்.

"அதுல இன்னாண்ணா, தங்கமா?" என்றார் பக்கத்தில் இருந்த சீருடைக்காரர். உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவராம். விஷயத்தைச் சொன்னேன். ஒரு கீறல்கூட இல்லை, முதல் நாளே செல்போன் கடையில் நூறு ரூபாய்க்குக் கண்ணாடிமேல் ஸ்கிரீன் கார்டு ஒட்டிவிட்டேன் என்று பெருமையாகவும் சொல்லிவைத்தேன்.

அவர் சிரித்த சிரிப்பில் ஓட்டுநரே திரும்பினார்.

"டெஸ்டுக்குக் குடுத்த வாட்சுக்கா கார்டு? ஒரு மாசமா நீங்க அந்தக் கார்டைத்தான் டெஸ்ட் பண்ணிக்கினு இருந்தீங்க!"

எங்கள் வீட்டில் டிவி ரிமோட்டுக்கு உறை, பைக் சீட்டுக்கு உறை. புதுப்பொருளைக் காப்பாற்றுவது தப்பாகும் என்று யாருக்குத் தோன்றும்?

ஒரகடம் மேம்பாலத்தருகே இறங்கிக் கார்டை உரித்தேன். கார்டு முழுக்கக் கோடு. அடியில் கண்ணாடி, கடையில் வாங்கியது போல் பளபளத்தது. செல்வி மாட்டிக்கொள்வாளே! வீட்டுச் சாவியால் இழுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஐந்து ரூபாய் நாணயமும் தோற்றது. சாலையோரத்துக் கருங்கல் ஜல்லியை எடுத்துக் கண்ணை மூடி அழுத்தினேன். ஒரு கோடு விழுந்தது. இனி பிழைத்தோம் என்று நடந்தேன்.

பத்தரை மணி தேநீர் இடைவேளையில் செல்வி வாசலுக்கு வந்தாள். கடிகாரத்தை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"அண்ணா, சுத்தி இருக்குற அலுமினிய விளிம்பு அடி வாங்கிக் கெடக்குது. கண்ணாடியில மட்டும் ஒரே கோடு. அதுவும் ஸ்கேல் வச்சாப்புல. இன்னா பண்ண?"

சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது.

"உள்ள யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சியா? இதைப் பாக்குறதுதான் அங்க வேலையே. அந்தக் கார்டு எங்க, குடு."

வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். எதிரே டீக்கடையில் பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ சொல்லி, அதைக் குடிக்காமலே ஆறவைத்தேன். அவளுக்கு இருக்கிற வேலையும் போய்விடுமோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது அவள் கையில் வேறொரு கடிகாரம்.

"உண்மையைச் சொல்லிட்டேன். திட்டினாங்க. இந்த வாட்டி லிஸ்ட்ல என் பேரு இல்ல. இன்னொரு மாசம் ஒழுங்கா கட்டிக்கினு வந்தா அடுத்த வாட்டி பாக்கலாம்னாங்க."

"என்னாலதானே..."

"ஆமா, உன்னாலதான்" என்றாள், கொஞ்சமும் இரக்கம் காட்டாமல். மேலே ஒட்டியிருந்த தாளை அவளே உரித்து, என் மணிக்கட்டில் கட்டிவிட்டு, மணி அடித்ததும் ஓடினாள்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. அதே சாலையில், அதே முப்பது ரூபாயில் படப்பைக்குத் திரும்பி, நேரே புது மனைப்பிரிவில் நடக்கும் வேலைக்குப் போனேன். போகும்போது கீறல் விழுந்துவிடுமோ என்று பயந்தவன், இப்போது விழாமல் போனால் மறுபடியும் கார்டு ஒட்டினேன் என்பார்களோ என்று பயந்தேன். மணலில் கைவிட்டேன், டைல்ஸ் அறுத்தேன், சிமென்ட் குழைத்தேன். மாலையில் கைகழுவி, கடிகாரத்தை வெளிச்சத்தில் செல்வி பிடித்த மாதிரியே சாய்த்துப் பார்த்தேன்.

பாழாய்ப்போன கண்ணாடியில் ஒரு கீறலைக்கூடக் காணோம்.